அஞ்சிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தவள்

வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் நான் திருடி என்று பிடிபட்டிருக்கிறேன். அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியாக.

காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. ஊசியைக் கண்டு நடுங்குகிறவர்களிடம், "எறும்பு கடிக்கிற மாதிரிதான், இதுக்குப் போய் பயப்படலாமா?" என்று தினமும் அலட்சியமாகக் கேட்பவள் நான். (கடவுள் அதைக் குறித்து வைத்துக்கொண்டார் போல.) ஒருநாள் காலை, தாமலிலிருந்து நான் வந்த பஸ், முசரவாக்கம் அருகே குறுக்கே வந்த மாட்டுக்கு ஒதுங்கப் போய்ப் பள்ளத்தில் சாய்ந்தது. யாருக்கும் பெரிய அடியில்லை. என் டிபன் பாக்ஸ் மட்டும் நசுங்கியது. மற்றவர்கள் மறுநாளே அதே பஸ்ஸில் போனார்கள். எனக்கோ ஹாரன் சத்தம் கேட்டாலே உள்ளங்கை வேர்த்தது, மூச்சு முட்டியது. எட்டு மாதம் என் கணவர்தான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். பிறகு அவருக்கு ஷிப்ட் மாறியது. இனி பஸ் ஏற வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும்.

எங்கள் மருத்துவமனைக்கு வரும் கவுன்சலரிடம் போனேன். சின்னப் பெண், குழந்தையைத் தூங்கவைக்கிற குரல். "பஸ் சாஞ்சது அன்னிக்கே முடிஞ்சு போச்சுன்னு உங்க மனசுக்குத் தெரியும். உடம்புக்குத்தான் இன்னும் யாரும் சொல்லலை" என்றார். உடம்புக்குச் சொல்லும் வழியையும் கற்றுக்கொடுத்தார். பயம் வரும்போது பாதத்தை அழுத்தி ஊன்றி, மூச்சை மெதுவாக விட்டு, கண்ணில் படும் ஐந்து பொருள்களைச் சொல்ல வேண்டும். பிறகு நான்கைத் தொட வேண்டும். மூன்று சத்தம், இரண்டு வாசனை, ஒரு ருசி.

"மனசுக்குள்ள சொன்னா போதுமா மேடம்?"

"வாய்விட்டுச் சொன்னா இன்னும் நல்லது."

அந்தத் திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஒரு அக்கா, நெய்து முடித்த பட்டுப் புடவையைத் துணிப்பையில் போட்டு மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். பஸ் கிளம்பியதுமே நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. பாதத்தை ஊன்றினேன். தலையை மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன்.

"அஞ்சு" என்று முணுமுணுத்தேன். "செயின். ரெண்டு வளையல். சிவப்புப் பர்ஸ். சட்டைப் பையில போன். துணிப்பை."

(உலகத்தில் வேறு பொருளே இல்லையா என்று கேட்காதீர்கள். கண் அங்கேதான் போனது.)

அக்கா பையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"நாலு." ஜன்னல் கம்பியைத் தொட்டேன். இருக்கையின் விளிம்பு. என் கைப்பை. நான்காவதற்கு எதுவும் கிடைக்காமல், அக்காவின் பைக்குள் எட்டிப் பார்த்த பட்டுப் புடவையை ஒரு விரலால் தடவினேன். குளுகுளுவென்று இருந்தது. நிஜமாகவே மனம் லேசானது. "மூணு" என்று கண்ணை மூடி இன்ஜின், விசில், ஒரு குழந்தையின் அழுகை மூன்றையும் கேட்டேன். "ரெண்டு." டீசல் ஒன்று. இன்னொன்று அக்கா தலையில் இருந்த மல்லிகை. சாய்ந்து, அவர் பின்கழுத்தருகே ஆழமாக மூச்சை இழுத்தேன்.

"கண்டக்டரே!" அக்கா போட்ட சத்தத்தில் பஸ்ஸே நின்றுவிட்டது. "இது ஏறினதிலேர்ந்து எல்லாரையும் நோட்டம் பாத்துக்கினே வருது! பையத் தொடுது, மோந்து பாக்குது! அஞ்சுலேர்ந்து எண்ணிக்கினு வருதுப்பா, ஒண்ணு வந்தா இன்னா பண்ணுமோ!"

கண்டக்டர் வந்தார். "கூட எத்தினி பேர்மா இருக்கீங்க?"

"ஐயோ, இது ட்ரீட்மென்ட்டுங்க!"

"அடுத்தவங்க பையத் தொடறதா?"

அடையாள அட்டையை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன். வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுப்பதற்கான ஊசிகளும், பஞ்சும், ஸ்பிரிட் பாட்டிலும், கையில் கட்டும் ரப்பரும் மொத்தமாக வெளியே விழுந்தன. "மயக்க மருந்து!" என்றது ஒரு குரல். அடையாள அட்டை வீட்டில் இருந்தது.

கவுன்சலருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அந்தத் தாலாட்டுக் குரல் கேட்டது: "பஸ்ல ஏறிட்டீங்களா? எதுல இருக்கீங்க?"

"ரெண்டுல, மேடம்" என்றேன், பழக்க தோஷத்தில்.

"வெரிகுட். யார் என்ன சொன்னாலும் நிறுத்தாதீங்க. இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

பஸ்ஸில் இருந்த எல்லாரும் ஓரடி பின்வாங்கினார்கள். அப்போது சிக்னல் போய்விட்டது.

என்னைக் காப்பாற்றியவர் பின்சீட்டிலிருந்து எழுந்து வந்த ஒரு தாத்தா. என் முகத்தை உற்றுப் பார்த்தார். "தெரியும்பா இந்தப் பொண்ண. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்குது. நரம்பு கெடைக்கலன்னு மூணு எடத்துல குத்தி, ஒரு வாரம் கை வீங்கிப் போச்சு எனக்கு." சட்டைக் கையைச் சுருட்டி இடத்தைக் காட்டினார். என் இத்தனை வருட உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அது.

பிறகுதான் அழுகை வந்தது. பஸ் சாய்ந்தது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். கண்டக்டர் விசில் கொடுக்க, பஸ் கிளம்பியது. கீழே சிதறிய ஊசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கடலை மிட்டாயை நீட்டினார்.

"இந்தாம்மா, வாயில போடு. அந்த ஒண்ணையும் முடிச்சிடு. பாதியில வுட்டா எதுனா ஆயிடப் போவுது."

மென்றபடியே கேட்டேன்: "முசரவாக்கம் எப்ப வரும்?"

"அது அப்பவே போயிடுச்சே! நீ ஊசிய பொறுக்கிக்கினு இருந்த."

உள்ளங்கையைப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

இப்போது தினமும் பஸ்தான். எண்ணுவதும் உண்டு, மனதுக்குள் மட்டும். ஆனால் அன்று மாலையே வீட்டில் எல்லாவற்றையும் ஒப்பித்ததுதான் நான் செய்த தப்பு. இன்றைக்கும் ஏதாவது கல்யாணத்தில் நான் சற்று அமைதியாக உட்கார்ந்தால் போதும், என் கணவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் குனிந்து, "பைய மடியில வெச்சுக்கோங்க, எங்க வீட்டம்மா அஞ்சுல இருக்காங்க" என்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். கேட்பவர்கள் சிரித்துக்கொண்டே பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார்கள்.