சிநேகிதனுக்கு வந்த வியாதி

"ஏன்னா, இது என்ன பிராஸ்டேட் புற்றுநோய்னு போட்டிருக்கு?"

துவைக்கப் போடுமுன் கணவரின் பேண்ட் பைகளைத் துழாவுவது சுப்புலக்ஷ்மியின் முப்பத்தெட்டு வருட வழக்கம். இதுவரை ரயில் பாஸும் சீப்பும்தான் கிடைத்து வந்தன. இன்று நாலாக மடித்த ஓர் ஆஸ்பத்திரித் துண்டுப் பிரசுரம் கிடைத்திருந்தது.

ஜகந்நாதன் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"சிநேகிதனுக்கு," என்றார்.

"யாரு, பத்ரிக்கா?"

"பத்ரின்னு நான் சொன்னேனா?"

"வேற யார் இருக்கா உங்களுக்கு?"

அவர் சொன்ன பொய்யில் ஓட்டை அங்கேதான் இருந்தது. ஊரில் மற்றவர்கள் "சிநேகிதனுக்கு" என்றால் பத்துப் பன்னிரண்டு பேரில் யாராவது ஒருவராக இருக்கும். ஜகந்நாதனுக்கு இருப்பது ஒரே ஒரு பத்ரி. முப்பத்தொரு வருடம் ஒரே லோக்கல் ரயிலில், ஒரே பெட்டியில் ஆபீஸுக்குப் போய் வந்தவர்கள். மும்பை மாட்டுங்காவில் உள்ள தமிழர் முழுக்க இது தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன்னால், பென்ஷன் ஆபீஸ் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போன ஆஸ்பத்திரியில், டாக்டர் ஜஹாங்கீர் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக் காட்டியிருந்தார். ஒன்று, ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவது. இரண்டு, சில வாரங்கள் தினமும் வந்து கதிர்வீச்சு வாங்கிக்கொள்வது. மூன்று, இப்போதைக்கு எதுவும் செய்யாமல் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ரத்தம் பார்த்து, அவ்வப்போது ஸ்கேன் எடுத்து, வளர்ந்தால் மட்டும் கை வைப்பது.

"உங்களோடது ரொம்ப மெதுவா வளர்ற ரகம். உங்க நிலைமைக்கு மூணுமே சரிதான்," என்று ஹிந்தியில் சொன்னார் டாக்டர். "எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைங்க, தினமும் நடங்க. யோசிச்சு ஒரு மாசத்துக்குள்ள வந்து சொல்லுங்க."

ஜகந்நாதன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்து நாலு வருடம் குமாஸ்தா. மேலதிகாரி பென்சிலால் டிக் போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகியவர். மூன்றும் சரி என்றால் எதில் போடுவது? அவருக்குப் பயமாக இருந்தது. சொல்லிக்கொள்ள ஆளில்லாததால் இன்னும் பயமாக இருந்தது.

சுப்புலக்ஷ்மியிடம் சொல்ல முடியாது. மகன் கௌசிக் இருக்கும் மெல்போர்னில் மருமகள் சாதனாவுக்குத் தலைப்பிரசவம். வருகிற வியாழக்கிழமை சுப்புலக்ஷ்மிக்கு டிக்கெட். தெரிந்தால் போகமாட்டாள். பத்ரியிடமும் சொல்ல முடியாது. பத்ரிக்குத் தெரிந்தால் அவன் மனைவி பத்மஜாவுக்குத் தெரியும், பத்மஜாவின் வாயில் எதுவும் தங்காது என்பது ஜகந்நாதனின் கணிப்பு.

"யாருக்கும் சொல்லிடாதே," என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

சுப்புலக்ஷ்மி யாருக்கும் சொல்லவில்லை. கீழ் வீட்டுக் கோகிலவாணி மாமியிடம் மட்டும் சொன்னாள்.

மறுநாளே கட்டடத்தில் வாக்கெடுப்பு நடந்துவிட்டது. ஆபரேஷனுக்கு நாலு பேர், கதிர்வீச்சுக்கு மூன்று பேர். சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதற்கு ஒரு வோட்டுகூட இல்லை. "வியாதியை வெச்சுண்டு வேடிக்கை பாப்பாளா யாராவது?" என்றாள் கோகிலவாணி மாமி. தன் உடம்பைப் பற்றி இத்தனை பேர் தன் எதிரிலேயே தீர்ப்புச் சொல்வதை ஜகந்நாதன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

சுப்புலக்ஷ்மி காரியத்தில் இறங்கினாள். முளைகட்டின பயறு, எண்ணெய் காட்டாத காய், தக்காளி சூப் எல்லாம் டப்பாவில் போட்டு, "பத்ரிக்குக் கொடுத்துட்டு வாங்கோ" என்றாள். கணவருக்குச் சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜி.

"எனக்கும் அந்தப் பயறே போதுமே."

"உங்களுக்கென்ன கேடு? கல்லுமாதிரி இருக்கேள். சாப்பிடுங்கோ."

ஜகந்நாதன் தினமும் டப்பாவுடன் கிளம்பி, பத்ரி வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து பயறு முழுவதையும் தின்றுவிட்டுக் காலி டப்பாவுடன் திரும்பினார். பத்ரிக்கு நல்ல பசி எடுக்கிறது என்று சுப்புலக்ஷ்மி அளவைக் கூட்டினாள்.

நாலாம் நாள் அவள் பத்மஜாவையே பார்த்துவிட்டு வந்தாள்.

"வியாதி பேரையே எடுக்கலை. பக்குவமாப் பேசினேன். பாவம், அவ குழம்பிப் போயிருக்கா. என் கையைப் பிடிச்சுண்டு, 'தைரியமா இருங்கோ மாமி, நாங்க இருக்கோம்'னு என்கிட்ட சொல்லி அழறா."

ஜகந்நாதனுக்கு இதற்கு மேல் தாங்காது என்று தோன்றியது.

"சுப்பு, அது பத்ரி இல்லை. ஆபீஸ்ல காலித்னு ஒருத்தர். இப்போ கல்யாண் ஸ்டேஷன் பக்கம் குடியிருக்கார்."

சுப்புலக்ஷ்மி அவரை உற்றுப் பார்த்தாள். கண் கலங்கியது.

"பத்ரி அப்படிச் சொல்லச் சொன்னாரா? எப்பேர்ப்பட்ட சிநேகம்னா உங்களோடது. நான் முடிவு பண்ணிட்டேன். இந்தச் சமயத்துல பத்மஜாவைத் தனியா விட்டுட்டுப் போக மாட்டேன். கௌசிக்குக்கு போன் போட்டு டிக்கெட்டை மாத்தச் சொல்லப்போறேன்."

"நாளைக்குச் சொல்லிக்கலாமே," என்றார் ஜகந்நாதன்.

மறுநாள் காலை பூங்காவில் நடைக்கு வந்த கிழவர்கள் பத்ரிக்கு பெஞ்சைக் காலி செய்து கொடுத்தார்கள். ஒருவர் அவர் கையிலிருந்த வடா பாவ் பொட்டலத்தை மெதுவாக வாங்கித் தூர வைத்தார். பத்ரி ஜகந்நாதனைத் தனியே இழுத்துப்போனார்.

"என்னடா ஜகா, எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்கறா? யார்கிட்டயாவது எதாவது சொன்னியா?"

"நானா? என்ன சொல்லப்போறேன்?"

பத்ரியின் முகம் வெளிறிவிட்டது. பாதி நடையில் வீட்டுக்குக் கிளம்பிப் போனார். அடுத்த நாளும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

முப்பத்தொரு வருட சிநேகம் போய்விட்டது என்று ஜகந்நாதன் நிச்சயம் செய்துகொண்டார். வியாதிகூட அவரை இப்படி உலுக்கவில்லை. பகல் முழுக்கத் தவித்துவிட்டுச் சாயங்காலம் பத்ரி வீட்டுக் கதவைத் தட்டினார். பத்ரி கோயிலுக்குப் போயிருந்தார். பத்மஜாதான் திறந்தாள்.

உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை.

"பத்மஜா, ஊர்ல யார் என்ன சொன்னாலும் நம்பாதே. பத்ரிக்கு ஒண்ணும் இல்லை. வியாதி எனக்கு. சுப்புவுக்குத் தெரியக் கூடாதுன்னு சிநேகிதனுக்குன்னு சொன்னேன். அது அவன் தலையில வந்து விடிஞ்சுடுத்து. என்னை மன்னிக்கணும்."

பத்மஜா திடுக்கிடவில்லை. நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"எனக்குத் தெரியாதா அண்ணா? நீங்க சங்கடப்படப் போறேளேன்னுதான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை. ரெண்டு வருஷமா, ஆறு மாசத்துக்கு ஒரு தரம் உங்களை ஆஸ்பத்திரிக்கு அழைச்சிண்டு போறாரே இவர், போன மாசம்கூட 'ஜகாவுக்கு ஒரு இம்மிகூட வளரலை'ன்னு வாய் கொள்ளாத சிரிப்போட வந்து சொன்னாரே!"