ஆயுத பூஜையன்று கொதித்த பேட்டரி

சின்ன காஞ்சிபுரம்,
அக்டோபர் 1979

மாப்பிள்ளை குமாரவேல் அவர்களுக்கு, மாமனார் பஞ்சாட்சரம் ஆசி கூறி எழுதுவது. நீங்களும் கலாவதியும் சுகமாயிருக்கக் காமாட்சி துணை நிற்கட்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம், பேட்டரியைத் தவிர.

உங்கள் கம்பெனியில் கழித்த சூரியத் தகட்டை மாடியில் பொருத்தி, பழைய லாரி பேட்டரியைத் தறியோரம் வைத்து, கரண்ட் போனாலும் எனக்கு விளக்கெரிய வைத்தீர்கள். பேட்டரி நிரம்பியதும் தானாக நிறுத்தும் கருவிக்கு வீண்செலவு, வீட்டில்தான் எந்நேரமும் ஆள் இருக்கிறதே என்று மீட்டரில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தீர்கள். முள் கோட்டைத் தாண்டினால் சுவிட்சை அணைப்பது என் வேலை. செலவில்லாத அந்தக் கருவியாக நானும் ஒழுங்காகத்தான் இருந்தேன். நடுவில் ஆயுத பூஜை வருமென்று இருவருக்குமே தோன்றவில்லை.

உங்கள் அத்தை தறி, கத்தரிக்கோல், பேட்டரி, சுவிட்ச் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாடித் தகட்டையும் பளிச்சென்று கழுவி மாலை போட்டுவிட்டாள். கழுவிய தகட்டில் வெயில் பட்டதும் முள் விறுவிறுவென்று ஏறிக் கோட்டைத் தாண்டியது. நான் எழுந்தேன். "சாமிக்கு வெச்சத நாளைக்குத்தான் தொடணும், குந்துங்க" என்றாள். தகட்டின்மேல் ஒரு துணியாவது போடுகிறேன் என்றேன். "மால போட்ட சாமி மூஞ்சிய மூடுவாங்களா?" என்றாள். பேட்டரி உலைபோலக் கொதிக்க, மூக்கெரிய உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் நல்ல நேரம் பார்த்துக் கற்பூரம் காட்டுவதற்குள் வெயில் மறுபடி ஏறிவிட்டது. லாரி ஷெட் சிட்டிபாபு திறந்து பார்த்து, தண்ணீர் வற்றி உள்ளே ஈயத் தகடெல்லாம் வளைந்துவிட்டது, இனி காயலான் கடைக்குத்தான் என்று சொல்லிவிட்டான்.

மனசு ஆறவில்லை மாப்பிள்ளை. கல்யாணமான புதிதில் தீபாவளிக்கு வந்ததோடு சரி, அப்புறம் நீங்கள் இந்தப் பக்கமே வரவில்லை. இந்தப் பேட்டரி வந்த பிறகுதான் ஞாயிறு தவறாமல் அதைப் பார்க்க வந்தீர்கள், கலாவும் கூடவே வந்தாள். இனி உங்களுக்கு வீண் அலைச்சல் வேண்டாம். மாடித் தகடு, மீட்டர் எல்லாவற்றையும் சிட்டிபாபுவின் லாரியில் அனுப்பிவிடுகிறேன்.

கலாவுக்கு எங்கள் ஆசி. உங்கள் தாயார் தகப்பனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
பஞ்சாட்சரம்

பின்குறிப்பு: இதைப் படித்துக் காட்டியதும் உங்கள் அத்தை நேரே போய், லாரியில் ஏற்றிய சாமான்களையெல்லாம் இறக்கி வைத்துவிட்டாள். "பேட்டரி செத்தா இன்னா, புள்ளைங்க வரக்கூடாதா?" என்கிறாள். எனக்கும் அதேதான். ஞாயிற்றுக்கிழமைக்கு அரிசி ஊறப் போடுகிறோம், இருவரும் வாருங்கள்.