அனுமதிக்கு முன் தோண்டிய இருபத்திநாலு பள்ளங்கள்

எல்க் ரிட்ஜ், விஸ்கான்சின்
ஏப்ரல் 16, செவ்வாய்

மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. டுவேன் ப்ரெக்கே அவர்களுக்கு,

உன் அக்கா மார்லிஸின் கணவனும், ஐம்பத்தெட்டு கறவை மாடுகளின் சொந்தக்காரனும், இந்த நிமிஷம் வரைக்கும் உனக்கு உறவினனுமான ஆர்லன் ஸ்க்ரெடே எழுதுவது. இங்கே நாங்கள் நலம், மாடுகள் நலம். நீயும் உன் பொக்லைனும் நலமென்று நம்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொக்லைனுக்கு மட்டும் கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் போயிருந்தால் எனக்கு எவ்வளவோ புண்ணியமாக இருந்திருக்கும்.

உனக்குத் தெரியாத சங்கதி ஒன்றுமில்லை, ஆனாலும் நீ எதையும் காதில் வாங்காதவன் என்பதால் மறுபடி சொல்கிறேன். கறந்த பாலைக் குளிர வைக்கிற தொட்டிக்கு ஆகிற மின்சாரமே என்னைத் தின்றுகொண்டிருக்கிறது. பண்ணைகளில் சோலார் பேனல் போட அரசாங்கம் பாதிச் செலவு தருகிறது என்று கேள்விப்பட்டு, என் மகள் கிர்ஸ்டன் மினியாபொலிஸில் ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எண்பத்தாறு பக்க விண்ணப்பம் தயார் பண்ணினாள். மானியம் வந்தால் அவள் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து என்னோடு பண்ணையைப் பார்த்துக்கொள்வாள். வராவிட்டால் செப்டம்பரில் மாடுகள் ஏலத்துக்குப் போகும், நான் சமையலறை மேஜையில் உட்கார்ந்து உன் அக்காவின் குறுக்கெழுத்துப் புதிருக்கு விடை சொல்லிக்கொண்டிருப்பேன். இவ்வளவுதான் விஷயம். இதில் ஒரே ஒரு விதி, கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான்: அனுமதிக் கடிதம் கைக்கு வரும்முன் ஒரு மண்வெட்டி மண்கூடப் புரளக் கூடாது, புரண்டால் விண்ணப்பம் செல்லாது.

இதைத்தான் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு மீன் வறுவல் சாப்பாட்டில் உனக்கும் பக்கத்துப் பண்ணை லைலுக்கும் ஹார்லனுக்கும் படித்துப் படித்துச் சொன்னேன். ஜன்னல் வழியே கையை நீட்டி, "தொழுவத்துக்கு வடக்கே, தீவனக் கோபுரத்துக்குப் பக்கத்துல பேனல் வரப்போகுது" என்றேன். உடனே நீ, "அப்ப நாங்க வந்து பள்ளம் தோண்டிக் குடுத்துடறோம் அத்தான்" என்றாய். "வேண்டாம்ப்பா" என்றேன். "அட, ஒரு நாள் வேலை" என்றான் லைல். "வேண்டாம்யா, அனுமதி வரட்டும்" என்றேன். அதோடு மீன் வந்துவிட்டது. இரண்டு தடவைதான் சொன்னேன், அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். நம் ஊரில் காபி வேண்டுமா என்று கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை, இரண்டாவது தடவை வேண்டாம் என்பதும் மரியாதை, மூன்றாவது தடவை சொன்னால்தான் ஆளுக்கு நிஜமாகவே காபி வேண்டாம் என்று அர்த்தம். ஆனால் டுவேன், நான் பேசிக்கொண்டிருந்தது காபியைப் பற்றியா?

ஞாயிற்றுக்கிழமை லா கிராஸில் என் தங்கையின் கல்யாண நாள் விருந்துக்குப் போய்விட்டு நாலு மணிக்குப் பால் கறக்கத் திரும்பி வந்தால், தொழுவத்துக்கு வடக்கே இருபத்திநாலு பள்ளம். அளந்து வைத்தாற்போல வரிசையாக. அதில் இரண்டில் கம்பம் நட்டு காங்கிரீட்டும் ஊற்றியாகிவிட்டது. தொழுவத்துக் கதவில் ஒரு சீட்டு: "எப்படி எங்க வேலை? எலுமிச்சைக் கேக் ஃபிரிட்ஜில் இருக்கு." தேவாலயத்தில் பிரசங்கம் முடிந்ததும் பதினோரு பேர் நேரே இங்கே வந்து, சாப்பாடும் கட்டிக்கொண்டு வந்து, இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறீர்கள். பதினோரு பேரில் ஒருத்தனுக்காவது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லையா? உன் அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "பாவம், எவ்வளவு ஆசையா செஞ்சிருக்காங்க" என்றாள். கேக்கையும் வெட்டினாள்.

இன்று காலை மானிய அலுவலகத்திலிருந்து இடத்தைப் பார்வையிட லெனோர் ஃபாஸ் என்ற அம்மாள் வந்தாள். வருவாள் என்று யாரிடமும் நான் மூச்சு விடவில்லை. ஆனாலும் அவள் கார் கதவைத் திறப்பதற்குள் லைலும் ஹார்லனும் "சும்மா வந்தோம்" என்று வேலியோரம் நிற்கிறார்கள். நான் வாயைத் திறக்குமுன் அந்த அம்மாள் பள்ளங்களைப் பார்த்துவிட்டாள்.

"இதெல்லாம் என்னங்க?" என்றாள்.

"செத்த மாடு புதைக்கறதுக்கும்மா" என்றான் லைல்.

"இருபத்திநாலு மாடா?"

"இன்னும் சாகல" என்றான் லைல்.

"அவன் கிடக்கான், அது வேலிக்கும்மா" என்றான் ஹார்லன்.

"ஒரு வேலி நாலு வரிசையாவா போகும்?"

"கெட்டியான வேலி" என்றான் ஹார்லன். அந்த நேரம் பார்த்து உன் அக்கா காபித் தட்டோடு வந்து, "தக்காளி நடப்போறேன்" என்றாள். அந்த அம்மாள் குனிந்து பார்த்தாள். ஆளை நிறுத்திப் புதைக்கிற ஆழம். மூன்று பதிலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டாள்.

முப்பது வருஷமாகத் திருச்சபையில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவன் நான், எனக்குப் பொய் வரவில்லை. "அம்மா, இவங்க எல்லாரும் பொய் சொல்றாங்க. பேனலுக்குத்தான் தோண்டினாங்க. நான் ஊர்ல இல்ல. என் மச்சினன் செஞ்ச வேலை" என்று சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "வேலை ஆரம்பிச்சிருந்தா விண்ணப்பம் செல்லாதுங்க. அளந்துக்கிட்டேன், ஆபீஸ்ல வரைபடத்தோட வச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று போய்விட்டாள். இதற்கு மேல் என்ன பார்க்கப் போகிறாள்? முடிந்தது கதை. கிர்ஸ்டனுக்குப் போன் போட்டுச் சொல்ல நாலு தடவை எடுத்தேன், நாலு தடவையும் வைத்துவிட்டேன். குழந்தை அழுதால் நான் என்ன செய்வேன்?

ஆகவே டுவேன், உனக்கு ஒரு வார்த்தை. ஒரு காகிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்த பழக்கம் உனக்குப் பிறந்ததிலிருந்து கிடையாது. யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவது, ஒரு எழுத்தும் உள்ளே போகாது, பிறகு உன் இஷ்டத்துக்குச் செய்வது. இந்தக் குடும்பத்தில் ஒரு முட்டாளால் ஐம்பத்தெட்டு மாடு தெருவுக்கு வருமென்றால் அந்த முட்டாள் நீதான். இனிமேல் என் நிலத்தில் ஒரு தேக்கரண்டியோடுகூடக் காலை வைக்காதே. உன் அக்கா உன்னை ஈஸ்டர் வாரம் முழுக்கத் தங்கச் சொன்னாளே, அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து அதை ரத்து செய்திருக்கிறேன்.

மற்றபடி உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உனக்குக் கொஞ்சம் புத்தியையும் எனக்குக் கொஞ்சம் பொறுமையையும் கொடுப்பாராக.

இப்படிக்கு,
ஆர்லன் ஸ்க்ரெடே

பின்குறிப்பு: வியாழக்கிழமை. ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன், தபால்தலை வாங்கப் போகாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. இப்போதுதான் அந்த ஃபாஸ் அம்மாள் போன் பண்ணினாள். வரைபடத்தின்படி பேனல் வரவேண்டிய இடம் தொழுவத்துக்கு வடக்கே இல்லையாம், இயந்திரக் கொட்டகைக்குத் தெற்கேயாம். "அந்தப் பள்ளத்துக்கும் உங்க திட்டத்துக்கும் சம்பந்தமே இல்லீங்க. அதுல தக்காளியே நட்டுக்கோங்க" என்றாள். விண்ணப்பம் செல்லும். அனுமதிக் கடிதம் அடுத்த வாரம் வருகிறது. கிர்ஸ்டனைக் கேட்டேன். தீவனக் கோபுரத்து நிழல் விழுகிறது என்று பிப்ரவரியிலேயே இடத்தை மாற்றிவிட்டாளாம், என்னிடம் வரைபடத்தைக் காட்டிச் சொன்னாளாம், நான் டிவியில் மறு ஒளிபரப்பு ஆட்டம் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினேனாம். அடியில் இருக்கும் கையெழுத்து என்னுடையதேதான். மீன் சாப்பாட்டில் நான் சரியான இடத்தைக் காட்டியிருந்தால் நீங்கள் பதினோரு பேரும் சரியான இடத்தில் தோண்டியிருப்பீர்கள், மாடுகள் போயிருக்கும். கிர்ஸ்டன் இன்று ராஜினாமா கொடுத்துவிட்டாள். உன் அக்கா வெங்காயம் இல்லாமலே அழுதுகொண்டிருக்கிறாள். கடிதத்தைத் திருப்பி எழுத எனக்கு நேரமில்லை, பால் கறக்கப் போகணும். மேலே 'நீ' என்று வருகிற இடத்திலெல்லாம் 'நான்' என்று வைத்துப் படித்துக்கொள்.