கேட்டுப் பார்க்கக் கொடுத்த வயர்லெஸ்

“செருப்பை வெளிய கழட்டிப் போடுங்க” என்றது வயர்லெஸ் ரேடியோ.

மருதமுத்து குனிந்து பார்த்தார். செருப்பு காலில்தான் இருந்தது.

“நாடகம் போலருக்கு” என்றாள் மனைவி பூங்காவனம், சட்டிபானை மூட்டையை அவிழ்த்தபடி.

அன்று காலையில்தான் காஜா பெராங் பகுதியில் இந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்திருந்தார்கள். மறுநாள் மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம். கோலாலம்பூரில் கொடி ஏறுவதைத் தன் வீட்டில் வந்து கேட்கலாம் என்று தன்னோடு வேலை பார்க்கும் போஸ்டாபீஸ் ஆட்கள் அத்தனை பேரையும் மருதமுத்து அழைத்திருந்தார். அழைத்த பிறகுதான் வயர்லெஸ் பெட்டியைத் தேடினார். பண்டார் ஹிலிர் கடைத்தெருவில் வயர்லெஸ் விற்கும் நடராஜன், “வீட்டுல வச்சுக் கேட்டுப் பாருங்க, பிடிச்சா எடுத்துக்குங்க” என்று இந்தச் சின்னப் பெட்டியைக் கொடுத்தனுப்பியிருந்தார்.

மருதமுத்து முள்ளை வேறு நிலையத்துக்கு நகர்த்தினார்.

“அங்கயும் நான்தான்” என்றது அதே பெண் குரல்.

பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கடைக்கு மிதித்தார்.

“எங்க திருப்புனாலும் ஒரே பொம்பள கொரலா வருது.”

“சின்னப் பெட்டியில ஸ்டேஷன் பிரியாது. இதக் கொண்டு போங்க” என்று நடராஜன் பெரிய பெட்டி ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார்.

வீட்டில் பிளக்கைச் சொருகியதும் அது மெல்ல உறுமியது.

“இப்பதான் தொண்ட வலிக்காமப் பேச முடியுது” என்றது குரல். “அடுப்ப அந்தப் பக்கம் வைக்காதம்மா, புகை கண்ணுல அடிக்கும்.”

பூங்காவனம் அடுப்பை நகர்த்தி வைத்தாள். “நல்லதத்தானே சொல்லுது? இதையே வாங்கிடுவோம்.”

“நம்ம அடுப்பு எங்க இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

அவள் கை அடுப்பின் மேலேயே நின்றுவிட்டது.

மருதமுத்து பெட்டியை அணைத்தார். ஆனால் நாளைக்கு ஆட்கள் வந்து நிற்பார்களே! எல்லாம் ஏரியல் இல்லாத குறைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வாசலில் நின்ற ரம்புத்தான் மரத்தில் ஏறிக் கம்பி கட்டினார். இறங்கி வந்து குமிழைத் திருகினார். முதலில் ஓர் ஆணின் இருமல் கேட்டது.

“யாரு வந்திருக்கா?”

“புதுசா குடிவந்தவங்க. நாளைக்கு இன்னும் நெறைய பேரு வர்றாங்களாம்” என்றாள் அந்தப் பெண்.

“வரட்டும், வரட்டும். மனுசங்களப் பாத்து எவ்வளவு நாளாச்சு!”

மருதமுத்து படாரென்று அணைத்தார். பூங்காவனம் அவர் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“பெட்டியிலதான் கோளாறு” என்றார் அவர். “வேற கம்பெனி பெட்டி எடுத்துடலாம்.”

அப்போது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். இருவரும் துள்ளி விழுந்தார்கள். வந்தவர் மின்சார இலாகாவின் ராஜரத்தினம். தோளில் ஏணி, கையில் கம்பிச் சுருள்.

“மன்னிச்சுக்குங்கண்ணே, செங் பக்கம் ஒரு வேல இழுத்துடுச்சு. முன்ன இருந்தவங்க செத்தப்ப வெட்டுன கரண்டு, இனிமேதான் உங்க வீட்டுக்குக் குடுக்கணும்.”