கீழ்த்தள அறைக்கு நான்கு தேர்தல்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். வீடும் நலம், குளியலறைக் குழாய் தவிர. அத்தையின் முழங்கால் வலி தேவலையா? அவருக்கு என் அன்பைச் சொல்லுங்கள். நம் குடியிருப்புச் சங்கம் ஜனநாயகத்தைக் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் கடிதத்தை இந்த வரியோடு முடித்திருப்பேன்.

நான் குடியிருக்கும் உங்கள் வீட்டுக்கு நேர் கீழே ஓர் அறை காலியாகக் கிடக்கிறதல்லவா, அதை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. சட்டைப் பொத்தான்கள் எந்நேரமும் தெறிக்கத் தயாராக இருப்பதால் நாங்கள் பயில்வான் என்று அழைக்கும் மூன்றாம் மாடிக்காரர் அங்கே ஜிம் வைக்க வேண்டும் என்கிறார். பக்கத்து வீட்டுப் பல் டாக்டருக்கு அது ஸ்கூட்டர் நிறுத்துமிடமாக வேண்டும். எனக்கு வாசிப்பறையாக வேண்டும். பொதுநலம் என்று பொய் சொல்ல மாட்டேன். வீட்டிலிருந்தே பிழைதிருத்திப் பிழைக்கிறவள் நான். என் மேசைக்கு அடியில் இரும்பு விழுந்துகொண்டிருந்தாலோ ஸ்கூட்டர் உறுமிக்கொண்டிருந்தாலோ ஒரு பக்கம்கூட நகராது, வேலை போய்விடும்.

மொத்தம் பதினைந்து வீடு. செயலாளர் கையைத் தூக்கச் சொன்னார். ஜிம்முக்கு ஆறு, ஸ்கூட்டருக்கு ஐந்து, வாசிப்பறைக்கு நான்கு. அதிகம் வாங்கியவர் ஜெயித்தார், பல நாடுகளில் அரசாங்கமே இப்படித்தான் அமைகிறது என்று பயில்வான் எல்லோருக்கும் கைகொடுக்கத் தொடங்கினார். டாக்டர் கையைக் கொடுக்கவில்லை. “ஒம்பது பேர் வேண்டாம்னு சொன்னதுக்குப் பேரு வெற்றியா சார்?” என்றார். வேறு நாடுகளில் பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால் முதல் இரண்டு பேரை மட்டும் நிறுத்தி மறுபடி ஓட்டெடுப்பார்களாம். சரி என்று எடுத்தார்கள். எங்கள் நாலு பேருக்கும் போக்கிடமில்லை, இரும்புக்கு ஸ்கூட்டர் பரவாயில்லை என்று அந்தப் பக்கம் போனோம். டாக்டருக்கு ஒன்பது, பயில்வானுக்கு அதே ஆறு. இப்போது பயில்வானுக்குத் திடீரென்று எங்கள் மேல் பாசம் பொங்கியது, பிடிக்காத இரண்டில் ஒன்றை எடு என்பது அநியாயமில்லையா என்று எங்களுக்காகக் கண்கலங்கினார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வரிசைப்படுத்துங்கள், முதலிடத்துக்கு இரண்டு மதிப்பெண், இரண்டாமிடத்துக்கு ஒன்று, கடைசிக்கு ஒன்றுமில்லை என்று சொல்லித் தொலைத்தேன். ஜிம்காரர்களுக்கு ஸ்கூட்டர் ஆகாது, ஸ்கூட்டர்காரர்களுக்கு ஜிம் ஆகாது, அதனால் இரண்டு கூட்டமும் இரண்டாமிடத்தில் வாசிப்பறையை எழுதிவிட்டது. வாசிப்பறைக்குப் பத்தொன்பது, ஸ்கூட்டருக்குப் பதினாலு, ஜிம்முக்குப் பன்னிரண்டு. மாமா, இந்த மூன்று தேர்தலிலும் ஒருவர் மனமும் மாறவில்லை. மாறியது கூட்டல் மட்டும்.

எந்தக் கூட்டல் செல்லும் என்று அடுத்த சண்டை. அதற்கும் கையைத் தூக்கச் சொன்னார் செயலாளர். முதல் முறைக்கு ஆறு, இரண்டாவதற்கு ஐந்து, மூன்றாவதற்கு நான்கு. ஆக முதல் முறைப்படி முதல் முறையே சிறந்தது என்று பயில்வான் சொல்ல, முறைகளுக்குள்ளேயும் முதல் இரண்டை மட்டும் நிறுத்த வேண்டும் என்று டாக்டர் சொல்ல, முறைகளுக்கும் மதிப்பெண் போடலாமே என்று நான் வாயெடுத்தேன். செயலாளர் எழுந்து மின்விசிறியை அணைத்துவிட்டார். “ஞாயித்துக்கிழமை கடைசித் தேர்தல். எது எதோட வாழ முடியுமோ அது எல்லாத்துக்கும் டிக் போடுங்க. டிக் ஜாஸ்தி எதுக்கோ அதான். இதுக்கு மேல எனக்குத் தெம்பில்ல” என்றார்.

கேட்க எவ்வளவு பெருந்தன்மையான முறை பாருங்கள். பயில்வான் அன்று மாலையே தன் ஆறு வீட்டையும் கூட்டி, ஜிம் தவிர எதற்கும் டிக் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டார். தாராள மனசை நம்பிச் செய்த முறை கஞ்சன் கையில் சிக்கினால் பழைய முறையேதான். நானும் விடவில்லை, படியேறி இறங்கிக் கெஞ்சியதில் ஸ்கூட்டர் கட்சியில் மூன்று வீடு வாசிப்பறைக்கும் சேர்த்து டிக் போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறது. அதோடு எங்கள் நாலு, ஆக ஏழு. ஜிம்முக்கு ஆறு. இந்த நேரத்தில்தான் யாரோ செயலாளரின் காதைக் கடித்திருக்கிறார்கள். அந்தப் பொண்ணு வீட்டுக்காரரோட மருமகதானே, வீட்டுக்காரர் இல்லையே என்று. இனி உங்கள் கையெழுத்துப் போட்ட தாள் வந்தால்தான் நம் ஓட்டு செல்லும், போனில் சொன்னால் செல்லாது. நீங்கள் அனுப்பாவிட்டால் ஆறுக்கு ஆறு, பிறகு நாணயத்தைச் சுண்டுவார்களாம். நாணயம் யாருடையது என்று பயில்வான் இப்போதே விசாரிக்கிறார். ஆகவே தயவுசெய்து வாசிப்பறைக்கு ஒரு டிக், கீழே கையெழுத்து, உடனே தபாலில். என் பிழைப்பு அதில் இருக்கிறது.

அத்தைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. உங்கள் ஆசியையும், அதற்கு முன்னால் உங்கள் டிக்கையும் எதிர்பார்க்கும்,
உங்கள் அக்கா மகள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் செயலாளர் மணியடித்தார். வாசிப்பறை ஜெயித்தால் யார் பொறுப்பு என்று கீழே பேச்சு வந்ததாம். சாவி வைத்திருப்பது, பெருக்குவது, பேப்பருக்கு நடக்கும் சண்டையைத் தீர்ப்பது, யார் எப்போது வந்து கேட்டாலும் திறந்துவிடுவது எல்லாம் ஒருவர் கையில் இருக்க வேண்டுமாம். என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எந்த நாட்டிலும் நான் கேள்விப்படாத முறை இது, அந்த இடத்தில் இல்லாதவரைத் தேர்ந்தெடுப்பது. பயில்வானும் டாக்டரும் உட்படப் பதினாலு வீடும் சம்மதம். “ஒரு எதிர்ப்புகூட இல்லம்மா. இப்படி ஒரு தேர்தல நான் பாத்ததே இல்ல” என்றார் செயலாளர், நெகிழ்ந்துபோய். எனவே மாமா, ஜிம்முக்கே டிக் போட்டு அனுப்பிவிடுங்கள். இரும்பு கீழே விழும், அவ்வளவுதான். படியேறி வந்து மணியடிக்காது.