திரு. ஸ்கோக்லண்ட் பெண்ணுரிமைப் போராளி ஆன வரலாறு

மகளிர் தினத்துக்குள் உள்ளூர்ப் பெண்ணுரிமைப் போராளி ஒருவரைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை ஏற்றியாக வேண்டும் என்று அமெரிக்காவின் டுலூத் நகர நூலகம் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தக் கலைக்களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். பொறுப்பு நூலக ஊழியர் மார்லிஸ் கெட்டுனன் தலையில் விழுந்தது.

மார்லிஸ் சந்தோஷமாகவே எழுதினாள். ஆள் தயாராக இருந்தார்: இடெல்லா ஸ்கோக்லண்ட், வயது எண்பத்தாறு. தெருவில் பனி தள்ளும் வண்டியைப் பெண்கள் ஓட்டக்கூடாது என்ற நகராட்சியோடு ஐம்பது வருஷத்துக்கு முன் வழக்காடி ஜெயித்து, இருபத்தாறு குளிர்காலம் அதை ஓட்டியவர்.

கட்டுரை பதினோரு நிமிடம் உயிரோடு இருந்தது. நீக்கியவர் 'வடிகட்டி72' என்னும் தன்னார்வலர்.

"தாங்கள் காட்டிய ஏழு செய்தித்தாள்களிலும் இடெல்லா என்ற நபர் காணப்படவில்லை. 'திருமதி ஆரின் ஸ்கோக்லண்ட்' என்றே உள்ளது" என்று அறிவித்தார்.

மார்லிஸ் பதில் போட்டாள்: "அப்பல்லாம் கல்யாணமான பொம்பளைய புருஷன் பேர்லதான் எழுதுவாங்க. ரெண்டும் ஒரே ஆள்தான்."

"அது தங்கள் சொந்த ஆராய்ச்சி. அனுமதி இல்லை."

மார்லிஸ் இடெல்லாவையே கூட்டிவந்து கணினி முன் உட்காரவைத்தாள். அவர் ஒற்றை விரலால் தட்டினார்: "வழக்குப் போட்டது நான்தான்."

"தம்மைப் பற்றித் தாமே சொல்வது ஏற்கத்தக்கதல்ல. நடுநிலையாளர் எவரேனும் உறுதிப்படுத்தலாம்."

இடெல்லா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என் கல்யாணத்துக்கு வந்தவங்க ஒண்ணு அவர் பக்கம், இல்ல என் பக்கம். நடுநிலைக்கு எங்கடியம்மா போறது?"

மறுநாள் தீர்ப்பு வந்தது. 'திருமதி' என்பது மரியாதை அடைமொழி. கட்டுரைத் தலைப்பில் அடைமொழிகள் வரக்கூடாது. அதை நீக்கினால் எஞ்சுவது 'ஆரின் ஸ்கோக்லண்ட்'. எனவே போராளி அவரே.

மார்லிஸ் தலைமை நூலகர் பெர்னீஸிடம் ஓடினாள்.

"மகளிர் தினத்துக்கு மூணே நாள்தான் இருக்கு" என்றார் பெர்னீஸ். "கட்டுரை இருக்கறது முக்கியமா, அது யாரைப் பத்திங்கறது முக்கியமா?"

மார்லிஸ் தலைப்பை மாற்றினாள். நான்கு நிமிடத்தில் ஒப்புதல் வந்தது.

மகளிர் தின விழாவுக்குத் தலைமை விருந்தினர் ஆரின். இடெல்லாதான் காரோட்டி அழைத்துவந்தார். ஒலிவாங்கியைப் பிடித்த கிழவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்:

"நான் ஒண்ணும் பண்ணல. கேஸ் போட்டதும் இவதான், வண்டி ஓட்டுனதும் இவதான். சாப்பாட்டுக்கு நேரமாகும், வேணாம்னு சொன்னது மட்டும்தான் நான்."

இருநூறு பெண்கள் எழுந்து கைதட்டினார்கள்.

"எவ்வளவு அடக்கம் பாருங்க" என்று முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் பத்திரிகையில் தலைப்பு: 'புகழை மனைவிக்கே விட்டுக்கொடுத்த பெண்ணுரிமைப் போராளி'. மார்லிஸ் செய்தியை இரண்டு முறை படித்தாள். பிறகு அதை எழுதிய டெஸ் என்ற நிருபருக்குப் போன் செய்தாள்.

"மனைவி, மனைவின்னு ஒன்பது தடவை எழுதியிருக்கீங்க. பேரு எங்க?"

"கேக்கணும்னுதான் இருந்தேங்க" என்றாள் டெஸ். "அதுக்குள்ள அந்தம்மா அவரைக் கூட்டிட்டுப் போக காரை எடுக்கப் போயிட்டாங்க."

மார்லிஸ் போனை வைத்தாள். பிறகு அந்தச் செய்தியை எட்டாவது சான்றாகச் சேர்த்தாள். மாலையில் கட்டுரைக்குச் 'சிறந்த கட்டுரை' முத்திரை கிடைத்தது. நூலகத்தில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து கேக் வெட்டினார்கள். முதல் துண்டு மார்லிஸுக்கு.