நான்கு வங்கிகளும் ஒரு சந்தேக நபரும்

எதையும் முழுதாகத் தெரிந்துகொள்ளாமல் முடிவெடுக்க எனக்கு வராது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. பல் துலக்கும் பிரஷ் வாங்கக்கூடக் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடையே தேவலை என்று திரும்பிப் போய், அது சாத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிற ரகம் நான். என் மனைவி கல்பனா இதை வியாதி என்பாள். நான் ஆராய்ச்சி மனப்பான்மை என்பேன். அந்த மனப்பான்மை என்னை எங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் அவள் சொல்வாள். அவள் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

திருச்சியிலிருந்து கொழும்புக்கு, ஒரு தனியார் கல்லூரியில் கணினி விரிவுரையாளராக வந்திருந்தேன். வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், நம்மூர் பாஷையில் சந்தில், பவானி அக்கா என்ற யாழ்ப்பாணத்து அம்மையாரின் மாடியறையில் தற்காலிகமாகத் தங்கியிருந்தேன். கல்லூரியில் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்கள்: இங்குள்ள வங்கி ஒன்றில் கணக்குத் திறந்தால்தான் சம்பளம் போட முடியும். சம்பளம் வந்தால்தான் தனி வீட்டுக்கு முன்பணம் கொடுக்கலாம். வீடு அமைந்தால்தான் கல்பனாவும் மகள் நிலாவும் வரலாம். ஜனவரியில் இங்கே பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். அதற்குள் நிலா வந்தாக வேண்டும்.

சாதாரண மனிதன் என்றால் பக்கத்திலிருக்கும் வங்கிக்குள் நுழைந்து கையெழுத்துப் போட்டிருப்பான். ஆனால் வெள்ளவத்தையில் காலி வீதி என்ற பெருஞ்சாலை நெடுகப் புடவைக் கடைக்கு ஒன்று, நகைக் கடைக்கு ஒன்று என்று வங்கிகள் நிற்கின்றன. இத்தனை வங்கிகள் எதற்கு? இந்த ஊர்க்காரர்கள் எதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? எனக்குள் ஆராய்ச்சி தலை தூக்கிவிட்டது. (அப்போதே யாராவது ஒரு குட்டு வைத்திருக்கலாம்.)

முதலில் பவானி அக்காவைக் கேட்டேன். அவருக்கு மூன்று வங்கிகளில் கணக்கு இருந்தது. ஒன்று அவருடைய பென்ஷனுக்கு. இன்னொன்று கனடாவிலிருந்து தம்பி அனுப்பும் காசுக்கு.

"மூணாவது எதுக்குக்கா?"

"அவங்கட கலண்டரிலதான் தம்பி, விரத நாளெல்லாம் பெரிசாப் போட்டிருக்கும். கண்ணாடி இல்லாமலே வாசிக்கலாம்."

ஆட்டோக்காரரைக் கேட்டால், குளிரூட்டி நன்றாக வேலை செய்யும் வங்கியைச் சொன்னார். மரக்கறிக் கடைக்காரர், வரிசையில் நிற்கும்போது நாற்காலி தருகிற வங்கியைச் சொன்னார். வட்டி விகிதத்தை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. எனக்கு ஆர்வம் இன்னும் கூடியது.

நேரடியாகக் களத்தில் இறங்கினேன். முதல் நாள் எல்லா வங்கிகளும் பூட்டிக் கிடந்தன. ஏதோ வேலைநிறுத்தம் என்று நினைத்துப் பேருந்து நிறுத்தத்தில் இருந்தவரிடம் கவலையோடு விசாரித்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "இண்டைக்குப் போயா எல்லோ" என்றார். பௌர்ணமி வந்தால் இந்த நாட்டில் வங்கிக்கு விடுமுறை. வானத்து நிலாவைப் பார்த்து வங்கிக்குப் போக வேண்டும் என்று எந்தப் பொருளாதாரப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

மறுநாள் முதல் வங்கியில் நுழைந்து வாயைத் திறந்ததும், அங்கிருந்த இளம்பெண், "நீங்கள் ஃபொரினரோ? அந்தப் பக்கம் இருங்கோ" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வெளிநாட்டுக்காரர் என்றால் வெள்ளைக்காரர் என்றே வளர்ந்தவன் நான். இட்லி சாப்பிட்டுவிட்டு, விபூதி பூசிக்கொண்டு, தமிழில் பேசுகிறவன் எப்படி ஃபொரினர் ஆவான்? ஆகிவிட்டேன். வெளிநாட்டவன் என்று ஒரு வங்கி கல்லூரிக் கடிதம் கேட்டது. இன்னொன்று என் திருச்சி வங்கியின் சான்று கேட்டது. மூன்றாவது இரண்டையும் கேட்டு, டீயும் கொடுத்தது.

இதற்கிடையே கல்பனா தன் பங்குக்கு ஒன்று சொல்லியிருந்தாள். அவள் அம்மா போட்ட நகைகளை எடுத்து வருகிறாளாம். நல்ல பாதுகாப்பான லாக்கர் உள்ள வங்கியாகப் பார்க்க வேண்டுமாம். பாதுகாப்பு என்று அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். கல்லூரி இல்லாத நேரங்களில் அந்த மூன்றிலும், புதிதாகப் பார்த்த நான்காவது வங்கியிலும் மாறி மாறிப் போய் உட்கார்ந்தேன். பார்த்ததையெல்லாம் அங்கேயே உட்கார்ந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு, கைப்பேசியில் குரல் பதிவாகக் கல்பனாவுக்கு அனுப்பினேன்.

நான்காவது வங்கியில் நான் பதிவு செய்து அனுப்பியது அப்படியே இது:

"கல்பனா, இங்க வாசல்ல ஒரே ஒரு செக்யூரிட்டிதான். வயசானவர், தொப்பை வேற, அவசரம்னா ஓட முடியாது. பன்னிரண்டரைக்குச் சாப்பிடப் போறார், அப்போ வாசல்ல யாருமே இல்ல. கேமரா முன்னாடி மட்டும்தான். லாக்கர் ரூம் பின்னாடி, படி இறங்கிப் போகணும். கதவு கனமா இருக்கு, ஆனா பக்கத்துல ஒரு ஜன்னல் இருக்கு."

செக்யூரிட்டி எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் மற்றவர்களோடு சிங்களத்தில் பேசியதைக் கேட்டிருந்ததால், அவருக்குத் தமிழ் தெரியாது என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். எதையும் தீர விசாரிக்கிற நான், இந்த ஒன்றை மட்டும் விசாரிக்கவில்லை. அதுவும் வெள்ளவத்தையில்! தமிழ் தெரியாமல் ஒரு கிலோ வெங்காயம் விற்க முடியாத ஊரில்!

மூன்றாவது தடவையாக அங்கே போய் உட்கார்ந்த அன்று, அவர் என் முன்னால் வந்து நின்றார்.

"மாத்தயா, கொஞ்சம் உள்ள வாங்க. மேடம் கதைக்கணுமாம்."

'ஐயா' என்பதற்கான அந்தச் சிங்கள 'மாத்தயா'வைத் தவிர, நல்ல, சுத்தமான தமிழ்.

முகாமையாளர், அதாவது மேனேஜர், நாற்பது வயதிருக்கும் ஒரு யாழ்ப்பாணப் பெண்மணி. கதவைச் சாத்தச் சொன்னார். செக்யூரிட்டி கதவை மறைத்து நின்றுகொண்டார். அவர் பெயர் நிமல் என்று சட்டையில் எழுதியிருந்தது.

"உங்களுக்கு இங்க கணக்கு இருக்கோ?"

"இல்லைங்க."

"பிறகு ஏன் வந்து வந்து இருக்கிறியள்?"

"பாக்குறதுக்கு."

"என்னத்தை?"

"பேங்க்க."

இந்தப் பதில் எனக்கே நன்றாகப் படவில்லை. பாஸ்போர்ட்டைக் கேட்டார். அது விசா வேலைக்காகக் குடிவரவு அலுவலகத்தில் இருந்தது. நிமல் முன்னால் வந்தார்.

"மேடம், போன்ல கதைச்சது எல்லாம் நான் கேட்டேன். கேமரா, ஜன்னல், லாக்கர் எல்லாம் சொன்னார். அதுகூடப் பரவாயில்ல. எனக்கு ஓட ஏலாதாம், மேடம்!"

அந்தக் கடைசி வாக்கியத்தில் இருந்த வருத்தத்தை என்னால் மறக்க முடியாது.

முகாமையாளரின் கை மேசைத் தொலைபேசியின் மேல் இருந்தது. பொலிஸ் நிலையமும் அதே வீதியில்தான். உண்மையாகவே பயந்துபோனேன். பொலிஸ் வந்தால் கல்லூரிக்குத் தெரியும். கல்லூரிக்குத் தெரிந்தால் வேலை போகும், விசா போகும். 'அப்பா பேங்க்கை உத்துப் பாத்ததால நாம கொழும்பு போகல' என்று நிலாவுக்கு யார் விளக்குவது? கைப்பேசியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "எல்லாத்தையும் நீங்களே கேட்டுக்குங்க மேடம்" என்றேன்.

அவர் கேட்டார். ஒவ்வொரு வங்கியாக என் குரல் வந்தது. முதல் வங்கியில் சாவி யாரிடம் இருக்கிறது என்பதிலிருந்து மூன்றாவது வங்கியின் பின் கதவு வரை. கேட்கக் கேட்க எனக்கே என்னைப் பிடித்துக் கொடுக்கலாம் என்று தோன்றியது. அப்புறம் கல்பனாவின் பதில் வந்தது. ஒலிபெருக்கியில்.

"ஏங்க, என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ பஜ்ஜி ஆறுறதுக்குள்ள சம்மதம் சொன்னீங்க. ஒரு பேங்க் பாக்க இத்தனை நாளா? எனக்குக் கேமராவும் வேணாம், ஜன்னலும் வேணாம். ஒரு அக்கவுண்ட், ஒரு லாக்கர், அவ்வளவுதான் கேட்டேன். நிலா தினம் பெட்டிய அடுக்கறா, திரும்பப் பிரிக்கிறா. பாக்க சகிக்கல. எதுலயாவது ஒரு கையெழுத்தப் போட்டுத் தொலைங்க!"

முகாமையாளர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்குவது தெரிந்தது. திரும்பியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமலிடம் சொன்னார்: "களவெடுக்க வாற ஆளுக்கு வீட்டில இப்பிடிப் பேச்சு விழாது."

ஆனாலும் யாராவது வந்து என்னை அடையாளம் காட்ட வேண்டும் என்றார். பவானி அக்காவை அழைத்தேன். ஹவுஸ்கோட்டோடு, குடையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் குடையை மடக்கி மேசைமேல் வைத்தார்.

"ஐயோ பிள்ளை, இவரோ? கரப்பொத்தானைக் கண்டாலும் அடிக்காமல் கதவைத் திறந்து விடுற மனுசன். இவர் பாங்கை உடைக்கிறதெண்டால், எந்தச் சுத்தியல் நல்லதெண்டு பாக்கவே ஒரு வருசம் போகும்."

இதைவிட நல்ல நன்னடத்தைச் சான்றிதழ் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. அத்தோடு அக்கா விடவில்லை. "அது சரி, நீங்கள் எவடம் பிள்ளை?" என்று முகாமையாளரைக் கேட்டார். சுன்னாகம் என்றார் அவர். அக்கா எந்தப் பக்கம், யாருடைய மகள், யாருடைய வீட்டுக்குப் பக்கம் என்று நூல் பிடித்துக்கொண்டே போய், முகாமையாளரின் பெரியம்மாவைத் தன் மச்சாளின் சம்பந்தி ஆக்கிவிட்டுத்தான் மூச்சு விட்டார். டீ வந்தது. சந்தேக நபருக்கும் ஒரு கப் கிடைத்தது. நான்கு வங்கிகளும் சேர்ந்து கேட்ட கடிதங்களைவிட, 'நீங்கள் எவடம்' என்ற ஒரு கேள்விக்கு இங்கே எவ்வளவு வேலை நடக்கிறது என்று அந்த நிலையிலும் நான் வியந்துகொண்டிருந்தேன்.

அன்று இரவு கல்பனாவிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். முதலில் திட்டினாள். பிறகு பயந்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில் சொன்னாள்:

"அந்த பேங்க்லயே அக்கவுண்ட் ஆரம்பிங்க."

"நம்மள பிடிச்சு உக்கார வச்ச பேங்க்லயா?"

"நாலு பேங்க்ல போய் உக்காந்தீங்க. உங்களப் பாத்து ஒருத்தருக்குத்தானே சந்தேகம் வந்துச்சு? என் நகை அங்கதான் இருக்கணும்."

அவ்வளவு ஆராய்ச்சி செய்தும் எனக்குத் தோன்றாத முறை அது. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் கணக்குத் திறந்தேன். டிசம்பரில் கல்பனாவும் நிலாவும் வந்து இறங்கினார்கள். லாக்கரில் நகை வைக்கப் போன அன்று, கல்பனா முகாமையாளரைப் பார்ப்பதற்கு முன்பே நிமலைத் தேடிப் போய் நன்றி சொன்னாள். தீபாவளி வந்தால் முதல் டப்பா முறுக்கு அவருக்குத்தான். கொடுக்கும்போது ஒரு பொறுப்பையும் சேர்த்தே கொடுத்திருக்கிறாள் போலிருக்கிறது, அப்போது எனக்குத் தெரியாது.

போன வாரம் என் வங்கி அட்டையை மாற்றப் போனேன். இரண்டு வகை இருக்கிறது, எது வேண்டும் என்று கவுண்டரில் கேட்டார்கள். கொஞ்சம் யோசிக்கலாம் என்று இரண்டு விளக்கத் தாள்களையும் வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம்கூடப் படித்திருக்க மாட்டேன், கைப்பேசி அடித்தது. கல்பனா.

"நீலக் கலரையே வாங்கிட்டு வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நிமிர்ந்து பார்த்தேன். நிமல் கண்ணாடிக் கதவு வழியாகக் காலி வீதியை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.